வீட்டுல மேலுக்கு முடியல

அக்கா ராமேசுவரம் தீவில் இருக்கிற அக்காள்மடத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு அவளைப் பற்றிய சேதியெல்லாம் எங்களுக்குக் கருவாட்டு வாசனையோடுதான் வந்தது. தீவிலிருந்து கருவாடு கொண்டுவந்து கடலாடிச் சந்தையில் விற்கிற வியாபாரி ஒருவர், சந்தை கலைந்ததும் மிச்சத்தைத் தலைச்சுமையாக எங்கள் ஊருக்குள் கொண்டுவருவார். முஸ்லிம் பெரியவர். அய்யா அவரை மாமா என்பார், அவர் அய்யாவை மாப்பிள்ளை என்பார். எங்கள் பக்கத்தில் அவர்களும் நாங்களும் அப்படித்தான் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வோம். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது.

அவர் சேதி சொல்வதைப் பார்க்கவேண்டும். கூடையை இறக்கி, சும்மாட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டு, அம்மா கொடுத்த மோரைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கிற மட்டும் வாயைத் திறக்கமாட்டார். எங்களுக்கோ தவிப்பு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அக்கா வீட்டுக்காரர் எப்படிச் சொல்லி அனுப்பினாரோ அப்படியே ஒப்பிப்பார். தானாக ஒரு சொல் சேர்க்கமாட்டார், ஒரு சொல்லை விடவும் மாட்டார். "அடுத்தவுக பேச்சு அமானிதம் மாப்ள. நம்மகிட்ட ஒப்படைச்ச பொருளு. அதுல நாம கை வைக்கக் கூடாது" என்பார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் கிடையாது. மற்ற எல்லார் மேலும் உண்டு.

அக்கா வீட்டுக்காரரை நாங்கள் மச்சான் என்போம். அக்காள்மடத்தில் ரோட்டோரமாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தாய் தகப்பன் இல்லாதவர், கூடப் பிறந்தவர்களும் இல்லை. வாடகைக் குடிசையில் இருந்துகொண்டு, கடைக்குப் பின்னால் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஆகவே அங்கேயிருந்து வருகிற சேதியில் பாதி அந்த வீடுதான். "அஸ்திவாரம் தோண்டியாச்சு. காத்து கூடுதலா இருக்கு. தண்ணி சேராம உங்க மகளுக்கு வயித்து வலி, இப்பத் தேவலை" என்று ஒரு சந்தைக்கு வரும். "சுவரு இடுப்பு மட்டும் வந்துருச்சு. கொத்தனாருக்கு அம்மை போட்டுருச்சு" என்று இன்னொரு சந்தைக்கு வரும். இங்கிருந்து போகிற சேதியும் லேசுப்பட்டதில்லை. கம்மாயில் தண்ணீர் இல்லை, அய்யாவுக்கு முட்டி வீங்கியிருக்கிறது, மாட்டுக்கொட்டகைக்குப் பனை அறுத்துப் போட்டாயிற்று, இளையவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் போய்ச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். அந்த இளையவள் நான்தான். கருவாட்டுக்காரர் வாயில் என் மானம் வாராவாரம் ரயிலேறிப் பாம்பன் பாலத்தைத் தாண்டியது.

கடுதாசி எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். மச்சானுக்கு எழுத்துத் தெரியும். ஆனால் தபால்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் போதும், அவர் பையில் கைவிடுவதற்குள் அம்மா மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவாள். ஒருதரம் பொங்கல் வாழ்த்துக்கு ஒப்பாரி வைத்தவள் அவள். அதற்குப் பயந்து மச்சான் எழுதுவதை விட்டுவிட்டார். எல்லாம் வாய்ச்சேதிதான்.

எங்கள் பேச்சைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் உடம்பை மேலு என்போம். மேலு வலிக்கிறது, மேலு கழுவிவிட்டு வா, மேலுக்கு முடியல. இது ஒன்று. இன்னொன்று, ஆம்பிளைகள் பெண்டாட்டியைப் பற்றி வேறொரு ஆம்பிளையிடம் பேசவேண்டி வந்தால் பேரைச் சொல்லமாட்டார்கள். பெண்டாட்டி என்றும் சொல்லமாட்டார்கள். "வீட்டுல" என்பார்கள். வீட்டுல கோயிலுக்குப் போயிருக்கு. வீட்டுல கோவமா இருக்கு. கட்டினவளின் பேரைச் சொன்னால் நாக்கு வெந்தா போய்விடும்? எனக்குக் கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் யாரிடமோ "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றார். நான் உள்ளேயிருந்து, "வீட்டுல கதவும் சன்னலுந்தான் இருக்கு, அதுகிட்டக் கேளுங்க" என்று கத்தினேன். வந்த ஆள் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் காரணம் தெரியும்.

அந்த வருஷம் புரட்டாசி முடிகிற சமயம். முந்தின சந்தைக்கு மச்சான் சொல்லிவிட்டிருந்தது இது: "சுவரு முடிஞ்சுது. மேலுக்கு ஓலை போடுறதா ஓடு போடுறதான்னு யோசனையா இருக்கு." அய்யா அந்த வாரம் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார். ஓலை என்றால் கடல்காற்று பிய்த்து எறியும், ஓடு என்றால் நல்ல மரம் வேண்டும், தீவில் மரத்துக்கு எங்கே போவார் மாப்பிள்ளை என்று. ஆகவே அடுத்த சந்தைக்குக் கருவாட்டுக்காரர் வந்து மோர் குடிக்கும்போது அய்யாவின் காதில் கூரையைத் தவிர வேறொன்றும் இல்லை.

பெரியவர் கண்ணை மூடினார். "வீட்டுல மேலுக்கு முடியல. மழைக்கு முந்தி மாமாவும் அத்தையும் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போனா நல்லாருக்கும்."

"முடியலையா! நான்தான் சொன்னேன்ல" என்று அய்யா தொடையில் தட்டினார். "மரம் கிடைச்சிருக்காது."

அம்மா செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "யாருக்கு மேலுக்கு முடியலையாம்?" என்றாள்.

பெரியவர் கண்ணைத் திறந்தார். "அவரு சொன்னது அம்புட்டுத்தான் தாயி. நான் பாம்பனுக்கு வண்டில போயிக்கிட்டு இருந்தேன். கடையில ஆளுக நின்னாக. ஓடியாந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் வீட்டுப் பக்கம் போகல."

"எம்மகளப் பாத்தீகளா?"

"பாக்கல தாயி."

"ஏன்டி, மழைக்கு முந்தின்னா கூரை இல்லாம வேற என்னடி?" என்று அய்யா சிரித்தார். "மேலுக்கு முடியலன்னா உடம்புன்னு நெனச்சிட்டியா? போன வாரம் மேலுக்கு ஓலையா ஓடான்னு கேட்டாருல்ல, அந்த மேலு. வீட்டுக்கு மேலு."

அக்காவுக்கு இளையவனான என் அண்ணனும் சிரித்தான். அம்மா, "அப்ப எதுக்கு என்னையும் வரச் சொல்றாக?" என்றாள். "வீட்டப் பாக்கத்தான். கூரை இல்லாத வீட்டுல போயி எங்கன உக்காருவ? முதல்ல மரம் போகட்டும். பின்னாடி நாம போவோம்" என்று அய்யா முடித்துவிட்டார். அவர் முடித்தால் முடித்ததுதான். அம்மா அதற்கு மேல் பேசவில்லை. எங்கள் வீட்டில் அம்மா அதற்கு மேல் பேசியதே இல்லை.

அங்கே உண்மையில் நடந்தது இது. அக்காவுக்கு விஷக்காய்ச்சல். விட்டு விட்டு அடித்து, பிறகு விடாமல் அடித்தது. வைத்தியம் பார்த்தவர், இங்கே வைத்துப் பார்க்க முடியாது, மதுரைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், பொம்பிளை வார்டில் கூட இருந்து பார்க்க ஒரு பொம்பிளை ஆள் வேண்டும், காற்று திரும்பிப் பாலத்தில் ரயில் நிற்பதற்கு முன்னால் கிளம்பிவிடுங்கள் என்றிருக்கிறார். மச்சானுக்கு ஏது பொம்பிளை ஆள்? அதற்குத்தான் அம்மாவை வரச் சொன்னது. தந்தி அடித்தால் அம்மா வாசலிலேயே விழுந்துவிடுவாள் என்று பயந்து, கடையில் நின்ற ஆம்பிளைகளுக்கு முன்னால், எப்போதும் போல உங்க மகளுக்கு என்று சொல்லவும் கூச்சப்பட்டு, மெல்லச் சொல்லி அனுப்பினார். மெல்லச் சொன்னதில் என் அக்கா வீடாகிவிட்டாள்.

அய்யாவைக் கஞ்சன் என்று யாரும் சொல்லமுடியாது. மாட்டுக்கொட்டகைக்கு என்று அறுத்து இழைத்து வைத்திருந்த பனங்கைகள் அத்தனையையும், வைரம் பாய்ந்த கறுப்பு மரம், கூரைச் சட்டத்துக்கென்றே பார்த்துப் பார்த்து அறுத்தது, மகள் வீட்டுக்கு என்று எடுத்து வண்டியில் ஏற்றினார். மாடு மழையில் நனைந்தால் நனையட்டும் என்றார். ஆள் மட்டும் கிளம்பியிருந்தால் பஸ்ஸும் ரயிலும் பிடித்து ஒரு பகலில் அக்காள்மடம் போயிருக்கலாம். மரம் அப்படிப் போகுமா? மூக்கையூர்க் கரைக்கு வண்டியில் கொண்டுபோய், அங்கிருந்து தோணியில் பாம்பனுக்குப் போகவேண்டும். அண்ணன் கூடப் போனான். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடங்கி வடக்கேயிருந்து வாடை தொடங்குகிற நேரம். எதிர்காற்றில் தோணியை எடுக்கமுடியாது என்று தோணிக்காரர் கரையிலேயே போட்டுவிட்டார். அண்ணன் மரத்துக்குக் காவலாக மணலில் கிடந்தான்.

அம்மா மட்டும் அண்ணனிடம் ஒரு மூட்டை கட்டிக் கொடுத்திருந்தாள். வத்தலும் கருப்பட்டியும் என்று அய்யாவிடம் சொன்னாள். அதற்குள்ளே சுக்கும் மிளகும் திப்பிலியும் வேறு இருந்ததை நான் பார்த்தேன். "இது எதுக்கும்மா?" என்றேன். "இருக்கட்டும்" என்றாள். பிறகு நாள் முழுக்க என்னிடம் சிடுசிடுத்துக்கொண்டே இருந்தாள்.

இதற்கிடையில் கருவாட்டுக்காரர் ஊர் திரும்பினார். அய்யா சொல்லிவிட்டதை மச்சானிடம் எழுத்துக் குறையாமல் ஒப்பித்தார்: "மரம் அனுப்பியாச்சு. கவலைப்பட வேணாம். மத்ததெல்லாம் நாங்க வந்து பாத்துக்கிறோம்."

பெண்டாட்டி காய்ச்சலில் கிடக்கிறாள், அம்மா வீட்டில் ஆள் கேட்டால் மரம் வருகிறது என்கிறார்கள். எந்த மனுஷனுக்கும் அது எப்படிக் கேட்கும்? கூரை நினைப்பே இல்லாத மச்சானுக்கு, அவளை எரிக்க மரம் அனுப்புகிறார்கள் என்றுதான் கேட்டது. மனுஷன் பெரியவரிடம் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. ரோஷம். இனி அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். பிறகாவது ஒரு தந்தி அடித்திருக்கலாம், அதையும் அடிக்கவில்லை. அய்யாவின் பிடிவாதத்தைப் பேசுகிற நான் இவருடைய ரோஷத்தை மட்டும் விட்டுவிடமுடியாது. இரண்டுக்கும் நடுவில் கிடந்தது அவள். அவளிடம் மட்டும் அவர், "உங்க அம்மா கிளம்பிட்டாகளாம், வந்துக்கிட்டே இருக்காக" என்று சொல்லியிருக்கிறார்.

அவள் அதை நம்பினாள். பக்கத்துக் குடிசையில் மீன்காரர் வீட்டு அக்கா ஒருத்தி இருந்தாள். தன் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, இவளுக்குக் கஞ்சி ஊற்றிப் பார்த்தவள் அவள்தான். அவள் பிறகு என்னிடம் சொன்னாள். அம்மா பார்த்தால் திட்டும் என்று என் அக்கா தலை சீவிவிடச் சொல்லிக் கேட்பாளாம். ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம், இறங்கி வர நேரம் விட்டு, வாசலைப் பார்ப்பாளாம். யாரும் வராவிட்டால் அடுத்த வண்டி என்பாளாம்.

கடைசியில் காற்று ஒரு நாள் திரும்பித் தோணி போய்ச் சேர்ந்தது. பாம்பனில் மரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணன் அக்காள்மடம் போய் இறங்கியிருக்கிறான். வண்டிச் சத்தம் கேட்டு அக்கா, "அம்மா வந்துருச்சு" என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். மச்சான் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். அண்ணன் சட்டையைப் பிடித்து, "ஏலே, அவ சாகுறதுக்குள்ள வெறகு கொண்டாந்துட்டியா?" என்று கேட்டார். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய் அவளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவன் அப்படியே திரும்பி மழையில் பாம்பனுக்கு ஓடினான், தந்தி அடிக்க.

தபால்காரர்தான் அதைப் படித்துச் சொன்னார். அக்காவுக்கு ஆபத்து, உடனே வரவும். எப்போதும் தபால்காரரைக் கண்டதும் மாரில் அடித்துக்கொள்கிற அம்மா அன்றைக்கு அடித்துக்கொள்ளவில்லை. அய்யாவைப் பார்த்தாள். "மேலுக்குன்னுதான சொன்னாக" என்றாள். "மேலுக்குன்னா மேலுக்குத்தான?" அய்யா முகம் சாம்பல் பூத்துப்போயிற்று. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அடிக்கவேண்டும் போலவும் இருந்தது. தகப்பனை அடிக்கத் தோன்றியது என்று எழுதக்கூடாதுதான். தோன்றியது.

மூன்று பேரும் கிளம்பினோம். மண்டபத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். கடலில் காற்று தணிகிற வரை பாலத்தில் வண்டி போகாது. ராமேசுவரத்துக்குப் போகிற வடநாட்டு யாத்திரைக்காரர்கள் பெட்டிக்குள் பஜனை பாடிக்கொண்டிருந்தார்கள். மறு கரை கண்ணுக்குத் தெரிகிறது, போகத்தான் வழியில்லை. அய்யா முட்டி வீக்கத்தோடு இறங்கி இறங்கிப் போய், எப்போது விடுவார்கள் என்று ஸ்டேஷன்காரர்களிடம் கேட்டார். அவர்களும் எத்தனை தடவைதான் சொல்வார்கள்? ஒரு தடவை வந்து அம்மாவிடம், "அவ மேல உசுரா இருந்துதானடி மரத்த அனுப்புனேன்" என்றார். அம்மா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் காற்று கொஞ்சம் விட்டது. ரயில் ஊர்ந்து ஊர்ந்து பாலத்தைக் கடந்தது. பாம்பனில் இறங்கி மழையோடு மழையாக அக்காள்மடத்துக்கு நடந்தோம். வாடகைக் குடிசை ஒழுகியதால் அவளைப் புது வீட்டுக்கு மாற்றியிருந்தார்கள். அண்ணனும் மச்சானும் ஒரு மூலைக்கு மட்டும் பனங்கைகளை ஏற்றி, மேலே ஓலையைப் பரப்பிக் கட்டியிருந்தார்கள். மற்றபடி வீடு வானம் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த மூலையில் என் அக்கா கிடந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். உதடு வெடித்திருந்தது. தலையை யாரோ நன்றாகப் படிய வாரிப் பின்னியிருந்தார்கள்.

அய்யா வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நனைந்துகொண்டு நின்றார். மச்சான் அவரை உள்ளே வாங்க என்று சொல்லவும் இல்லை.

அம்மா ஓடிப்போய் அவளை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "வந்துட்டேன் தாயி. வந்துட்டேன்டி. அது வீட்டுக்குன்னு நெனச்சுட்டோம்டி, ஒனக்குன்னு தெரியாமப் போச்சுடி" என்று அரற்றினாள். அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். ஆனால் அவளுக்கு ஜன்னி கண்டிருந்தது. அம்மாவைப் பக்கத்து வீட்டு அக்கா என்று நினைத்துக்கொண்டாள்.

"எக்கா, வண்டிச் சத்தம் கேட்டுச்சே, எங்கம்மா வந்துருச்சான்னு பாருங்களேன்" என்றாள்.

"நான்தான்டி அம்மா. என்னையப் பாருடி" என்றாள் அம்மா.

"வாசல்ல போயிப் பாருங்கக்கா. எங்கம்மாவுக்கு வீடு தெரியாது."

அம்மா எங்களை ஒருமுறை பார்த்தாள். அக்காவின் தலையை மெல்ல இறக்கி என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். வாசலுக்குப் போனாள். மழையில் இறங்கி நின்றாள். பிறகு வெளியூரிலிருந்து வருகிறவள் போல வாசலில் காலை வைத்து, "ஏ ஆத்தா, எங்கன இருக்க? நான் வந்துட்டேன்டி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அக்கா முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது, நான் பார்த்தேன். "வந்துட்டியா?" என்றாள். கொஞ்ச நேரம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு காய்ச்சல் மறுபடி அவளைக் கொண்டுபோயிற்று. "எக்கா, எங்கம்மா வந்துருச்சான்னு பாருங்களேன்."

அம்மா மறுபடியும் எழுந்து வெளியே போனாள். மறுபடியும் வந்தாள். அன்று பகல் பூராவும் இதுதான் நடந்தது. அவள் கேட்கக் கேட்க அம்மா போனாள், வந்தாள். சேலை ஈரத்தில் காலோடு ஒட்டிக்கொண்டது, மாற்று என்றால் கேட்கவில்லை. நான் போகிறேன் என்றால் விடவில்லை. போகும்போதெல்லாம் சுவரோரம் நிற்கிற அய்யாவைத் தாண்டித்தான் போனாள், ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. "இந்தா வந்துட்டேன்டி" என்று ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் முதல் தடவை வருகிற மாதிரியே வந்தாள். அக்காவும் ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் பார்க்கிற மாதிரி சந்தோஷப்பட்டாள்.

சாயங்காலம் மழை லேசாக விட்டிருந்தது. அம்மா வெளியே போயிருந்தாள். என் மடியில் அக்காவின் தலை கனத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட நிமிர்ந்தேன். அதற்குள் அம்மா வாசலில் காலை வைத்து, முகத்தைத் துடைத்துச் சிரித்துக்கொண்டு, "ஆத்தா, வந்துட்டேன்டி" என்றாள்.